ஹோம் தியேட்டருக்கு டிவி: அறையை அளந்து, கறுப்பைப் பார்த்து வாங்கிய கதை

எங்கள் திருச்சி வீட்டில் ஹாலை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. 11 அடிக்கு 14 அடி. மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல், பின்சுவரில் கதவு, ஒன்பது இன்ச் செங்கல் சுவர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டீகோடர் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவந்து நானே அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலி தரும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் குறையே இல்லை. படம் மட்டும் பழைய 40 இன்ச் டிவியில். அதன் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) போனதும், சரி, இனி அறைக்குத் தகுந்த மாதிரி ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வீட்டில் இருப்பது ஒரே டிவி. பகலில் அப்பாவுக்கு நியூஸும் கிரிக்கெட்டும். சாயங்காலம் அம்மாவுக்கு சீரியல். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு நானும் மனைவியும் படம் பார்ப்போம். இந்த மூன்றுக்கும் ஒரே டிவி ஈடுகொடுக்கவேண்டும். அதனால் நான் எடுத்த முடிவு இந்த வீட்டுக்கானது. எல்லோருக்கும் அதே டிவி பொருந்தாது. ஆனால் யோசித்த வரிசை யாருக்கும் உதவும் என்று நம்புகிறேன். முதலில் அறை, அப்புறம் அந்த டிவி இருட்டை எப்படிக் காட்டுகிறது என்பது, அப்புறம் பின்பக்க இணைப்புகள். பிராண்டும் விலையும் அதற்குப் பிறகு. கடைகளில் பேச்சு ரெசல்யூஷனில் ஆரம்பித்து பிரைட்னஸில் முடிந்துவிடுகிறது. ஹோம் தியேட்டருக்கு அவை இரண்டையும்விடக் கறுப்புதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

டேப்பும் பழைய செய்தித்தாளும்

கதவு பின்சுவரில் இருப்பதால் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணிலிருந்து டிவி சுவர் வரைக்கும் 9 அடி, அதாவது 108 இன்ச். பார்ப்பவரின் கண்ணில் திரை அகலவாக்கில் 30 டிகிரியாவது அடைக்கவேண்டும் என்பது ஹோம் தியேட்டர்காரர்கள் பின்பற்றும் பொதுவான அளவு. நன்றாகப் படத்துக்குள் போய்விடவேண்டும் என்றால் 40 டிகிரி. கணக்கு சுலபம்: தூரத்தை இன்ச்சில் எடுத்து 1.6ஆல் வகுத்தால் 30 டிகிரிக்கான திரை அளவு வரும், 1.2ஆல் வகுத்தால் 40 டிகிரிக்கானது. 108க்கு இவை 67 இன்ச், 90 இன்ச். 55 இன்ச் வாங்கினால் 25 டிகிரிதான் கிடைக்கும். ஆக, எங்கள் அறைக்கு 65க்குக் கீழே இறங்கக்கூடாது.

65 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் அகலம் 144 செ.மீ., உயரம் 81 செ.மீ. பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி வைத்தேன். அம்மா முதலில் "இவ்ளோ பெருசா?" என்று தயங்கினார். சாயங்காலம் அதன் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு, "பரவால்லடா, கண்ணை உறுத்தல" என்று சொல்லிவிட்டார். காகிதத்தைச் சுவரில் பார்த்தால்தான் இரண்டு பக்கமும் ஸ்பீக்கருக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, சென்டர் ஸ்பீக்கர் கீழே உட்காருமா என்பதெல்லாம் தெரியும்.

75 இன்ச்சுக்கும் சுவரில் இடம் இருந்தது. ஆனால் அதே பணத்துக்கு 75இல் சுமாரான பேனல் (படம் காட்டும் திரைப்பலகை) வருகிறது, 65இல் நல்ல பேனல் வருகிறது. நான் நல்ல பேனல் பக்கம்தான்.

இப்போது ரெசல்யூஷன். 65 இன்ச் திரையில் ஃபுல் எச்டி, அதாவது 1920க்கு 1080 என்றால் ஒரு பிக்ஸலின் அகலம் 0.75 மி.மீ. பார்வைக் குறை இல்லாத கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 9 அடி தூரத்தில் அது 0.8 மி.மீ. அதாவது எங்கள் சோபாவிலிருந்து பார்த்தால் ஃபுல் எச்டியின் பிக்ஸலே கண்ணுக்குத் தனியாகத் தெரிவதற்கு எல்லையில் நிற்கிறது. 4கேயில் பிக்ஸல் அதில் பாதி. வித்தியாசம் கொஞ்சம் இருக்கும், ஆனால் பெட்டியில் போட்டிருக்கிற அளவுக்கு இருக்காது. 8கே என்றால் இந்தத் தூரத்தில் வீண் செலவு. இன்று 65 இன்ச்சில் நல்ல பேனல் எல்லாமே 4கேயில்தான் வருகிறது என்பதால் 4கேயே வாங்கினேன். அதைத் தாண்டி அந்த எண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 'எச்டி ரெடி' என்று எழுதி 32 இன்ச்சில் விற்பவை பெரும்பாலும் 1366க்கு 768 பிக்ஸல் உள்ளவை. எச்டி சிக்னலை வாங்கும், ஆனால் முழு எச்டியாகக் காட்டாது. படுக்கையறைக்குப் போதும், ஹோம் தியேட்டருக்குச் சேர்க்கவே வேண்டாம்.

கறுப்பு எவ்வளவு கறுப்பு

நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்பில் எடுக்கப்படுகின்றன. உயரத்தைப் போல் சுமார் 2.39 மடங்கு அகலம். அதை 16:9 திரையில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். 65 இன்ச் டிவியில் படத்தின் உயரம் 60 செ.மீ.தான் வரும், மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. பட்டை. விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது அந்தப் பட்டை உண்மையிலேயே கறுப்பாக இருந்தால் சுவரோடு மறைந்துபோகும், படம் மட்டும் நிற்கும். சாம்பலாக இருந்தால் இரண்டரை மணி நேரமும் மேலும் கீழும் இரண்டு டியூப்லைட் லேசாக எரிவது போலவே இருக்கும். இருட்டில் நடக்கும் காட்சி வந்தால் இன்னும் மோசம். கறுப்புச் சட்டை, இருட்டு மூலை, தலைமுடி எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும்.

எல்சிடி டிவிகளில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை பேனல்கள் அதிகம். ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஏறத்தாழ 1000க்கு 1. விஏ பேனலில் 3000, 5000 வரை கிடைக்கும். வெள்ளை 200 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று வைத்துக்கொண்டால் ஐபிஎஸ்ஸின் கறுப்பு 0.2 நிட்ஸ், 5000க்கு 1 உள்ள விஏயின் கறுப்பு 0.04 நிட்ஸ். எண்ணில் சின்னதாகத் தெரிந்தாலும் இருட்டறையில் கண் அதை உடனே பிடித்துவிடும். ஐபிஎஸ்ஸின் பலம் பக்கவாட்டுப் பார்வை. ஓரத்தில் உட்கார்ந்தாலும் நிறம் வெளுக்காது. விஏயில் ஓரம் போகப் போக வெளுக்கும்.

ஓலெட் வேறு சாதி. பின்னால் பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு பிக்ஸலும் தானே எரிகிறது. அணைந்தால் முழுக் கறுப்பு. ஒரு காலத்தில் பிளாஸ்மா டிவியின் கறுப்புக்காகவே அதைத் தேடி வாங்கியவர்கள் இருந்தார்கள். பானசோனிக் 2013இல் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதே வருஷம்தான் எல்ஜி 55 இன்ச் ஓலெட் டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து படம் பார்ப்பதற்கென்றே டிவி வாங்குபவர்கள் ஓலெட்டைத்தான் முதலில் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

ராத்திரி மட்டும் ஓடும் தனி அறை என்றால் நானும் யோசிக்காமல் ஓலெட்தான் வாங்கியிருப்பேன். எங்கள் வீட்டில் நியூஸ் சேனல் காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் வரை ஓடும். மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டையில் ஓடும் செய்தி, எல்லாம் ஒரே இடத்தில். ஓலெட்டில் அந்த இடத்துப் பிக்ஸல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து நிரந்தரத் தழும்பாகப் பதியும் வாய்ப்பு உண்டு. இப்போதைய மாடல்களில் லோகோவை மங்கவைப்பது, படத்தைப் பிக்ஸல் கணக்கில் நகர்த்துவது என்று பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அப்பாவிடம் போய் "சேனலை மாத்துங்கப்பா" என்று தினமும் சொல்லவைக்கும் டிவி எனக்கு வேண்டாம். மேற்கு ஜன்னல் வெயில் வேறு இருக்கிறது. பகல் வெளிச்சத்தை எதிர்கொள்ள எல்சிடியின் பிரைட்னஸ் உதவும்.

அப்படி வந்து சேர்ந்த முடிவு: விஏ பேனல், அதன் பின்னால் மிகச் சிறிய விளக்குகளால் ஆன மினி எல்இடி பேக்லைட், கூடவே லோக்கல் டிம்மிங். பேக்லைட்டைப் பல கட்டங்களாகப் பிரித்து, இருட்டான பகுதியில் இருக்கும் விளக்கை மட்டும் மங்கவைப்பதுதான் லோக்கல் டிம்மிங். கட்டம் அதிகமானால் கறுப்பு நன்றாக வரும். குறைவானால் வெள்ளைப் பொருளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், குறிப்பாக சப்டைட்டிலைச் சுற்றி. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மெலிசான டிவிகளும் லோக்கல் டிம்மிங் என்று போட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒரு மூலையில் நிலா தெரிந்தால் மேலிருந்து கீழ்வரை அந்தப் பகுதி முழுவதும் வெளுக்கும். அட்டைப் பெட்டியில் இருக்கும் வார்த்தையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் பார்க்கவேண்டும்.

பென் டிரைவோடு கடைக்கு

கடையில் ஓடும் டெமோ வீடியோ எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். கிளி, பூ, பழம் என்று எல்லாமே பளிச் நிறம், இருட்டே வராது. அதனால் சொந்தமாகச் சில கோப்புகள் தயார் செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். முழுத் திரைக்கும் ஒரே அடர் சாம்பல் நிறத்தில் ஒரு படம். கம்ப்யூட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 13 கொடுத்தால் வரும் நிறம். முழுக் கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மெதுவாக நகரும் வீடியோ. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மேலே ஏறும் 24 ஃப்ரேம் வீடியோ. அப்புறம் வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்ட அம்மாவின் அரக்கு நிறப் பட்டுப்புடவையும், பக்கத்தில் அம்மாவும், போனில் எடுத்தது.

தில்லைநகர்ப் பக்கம் ஒரு கடைக்கு வார நாளில் காலையிலேயே போனோம். கூட்டம் இல்லாத நேரம் என்பதால் விற்பனையில் இருந்த தம்பி பொறுமையாகக் காட்டினார்.

"தம்பி, இது ஸ்டோர் மோடில் ஓடுது. ஹோம் மோடுக்கு மாத்திட்டு சினிமா மோடு வைக்க முடியுமா?"

"மாத்தலாம் சார். ஆனா டல்லா தெரியும்."

"தெரியட்டும். மேலே இருக்கிற இந்த வரிசை லைட்டையும் கொஞ்சம் அணைச்சுத் தாங்க."

ஸ்டோர் மோடில் பிரைட்னஸ், நிறம் எல்லாம் உச்சத்தில் நிற்கும். அந்த வரிசையில் இருக்கும் டிவிகளை ஒப்பிடவே முடியாது. சினிமா மோடுக்கு வந்ததும்தான் ஒவ்வொன்றின் குணம் வெளியே வந்தது. நகரும் வெள்ளைக் கட்டத்தைப் போட்டவுடன் ஓரவிளக்கு டிவி ஒன்றில் கட்டத்தோடு சேர்ந்து மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சத் தூண் நகர்ந்தது. தம்பியே "இதை நான் கவனிச்சதில்ல சார்" என்றார். மினி எல்இடி டிவியில் கட்டத்தைச் சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்கு மட்டும் மெல்லிய ஒளி. பக்கத்தில் இருந்த ஓலெட்டில் ஒன்றுமே இல்லை, கறுப்பு நடுவில் கத்தரித்து வைத்த வெள்ளை.

அடர் சாம்பல் படம் பேனலின் சீரின்மையைக் காட்டும். எந்த எல்சிடியிலும் கொஞ்சம் மேடுபள்ளம் இருக்கும். நடுவில் செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள் பட்டைபட்டையாகத் தெரிந்தால் அதை விட்டுவிட வேண்டும். கிரிக்கெட்டில் கேமரா மைதானத்தைச் சுற்றி நகரும்போது பச்சைப் புல்லில் அந்தப் பட்டைகள் அப்படியே நிற்கும், அப்பாவுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். ஒரே மாடலிலும் பெட்டிக்குப் பெட்டி இது மாறுவதால், வீட்டுக்கு வந்த டிவியிலும் பிரித்த அன்றே இதே படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்பாவின் ஈஸிசேர் ஜன்னலோரம் இருக்கும். டிவியிலிருந்து 7 அடி தள்ளி, நடுவிலிருந்து 3 அடி பக்கவாட்டில். கோணம் 23 டிகிரி. கடைத் தரையில் இரண்டடி டைல்ஸ். மூன்றரை டைல் பின்னால், ஒன்றரை டைல் பக்கம் என்று எண்ணி அப்பாவை நிற்கவைத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கும் அந்தக் கோணத்தில் லேசான வெளுப்புதான் தெரிந்தது. இன்னும் இரண்டு டைல் நகர்ந்தால் நன்றாகவே வெளுத்தது. அந்த நாற்காலிக்கு அப்பால் எங்கள் அறையில் யாரும் உட்காருவதில்லை என்பதால் விஏயே போதும் என்று உறுதியானது. சோபாவை 'எல்' வடிவில் போட்டிருக்கும் வீடுகளில் இந்த முடிவு தலைகீழாகும்.

புடவை வீடியோவை அம்மாதான் தீர்மானித்தார். விவிட் மோடில் பார்த்துவிட்டு, "என் புடவை எங்கடா இவ்ளோ செவப்பு? இது வேற யாருதோ" என்றார். நிறத்தை வார்ம் பக்கம் நகர்த்தியதும் அரக்கு அரக்காக வந்தது. கூடவே அம்மாவின் மாநிற முகமும் சரியானது. கூல் மோடில் நம் தோல் நிறம் நீலம் பூத்து வெளிறிப்போகும், விவிட்டில் ஆரஞ்சாகிவிடும். நன்றாகத் தெரிந்த ஒரு துணியும் தெரிந்த ஒரு முகமும் இருந்தால் போதும், டிவியின் நிறத்தை எடைபோட்டுவிடலாம்.

24 ஃப்ரேம் எழுத்து ஏறும் வீடியோவுக்கு வருகிறேன். சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். நொடிக்கு 60 முறை படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 24ஐச் சமமாகப் பங்கு போட முடியாது. ஒரு ஃப்ரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டவேண்டிவரும். அதனால்தான் டைட்டில் கார்டு ஏறும்போது எழுத்து தத்தித் தத்திப் போகிறது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஐந்து முறை காட்டினால் கணக்கு சரியாக முடியும். நம் ஊர் டிடிஎச்சில் வரும் எச்டி சேனல்கள் 50 ஹெர்ட்ஸ் கணக்கில், 1080i (ஒன்றுவிட்டு ஒரு வரியாக அனுப்பும்) வடிவில் வருகின்றன. அதற்கு டிவி 50க்கோ 100க்கோ மாறிக்கொள்ளும். நிஜமான 120 ஹெர்ட்ஸ் பேனலா, 60 ஹெர்ட்ஸ் பேனலுக்கு 'மோஷன் 120' என்று பெயர் வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் கவனிக்கவேண்டும். நான் நிஜ 120 வாங்கினேன். ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அதன் செட்டிங்கில் படத்தின் ஃப்ரேம் ரேட்டுக்கு ஏற்ப மாறும் வசதியைப் போட்டுக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் எல்லாமே 60இல்தான் வெளியே வரும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் எச்டிஆர் பற்றிச் சுருக்கமாக. இன்று எல்லா டிவியும் எச்டிஆர் என்கிறது. சிக்னலை வாங்குவது வேறு, காட்டுவது வேறு. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ், சில 4000 நிட்ஸ் அளவில் தயாராகின்றன. 300 நிட்ஸ் மட்டும் தரும், லோக்கல் டிம்மிங் இல்லாத டிவியில் அந்த வசதி பெயருக்குத்தான். எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷன் வேண்டும் என்பவர்கள் சாம்சங் பக்கம் போகமுடியாது. அவர்கள் எச்டிஆர்10 பிளஸ் என்ற இன்னொரு வகையோடு நிற்கிறார்கள். நல்ல பேனலாக இருந்தால் இதற்காக மட்டும் ஒரு டிவியை ஒதுக்கமாட்டேன்.

விலையில் ஒரு நல்ல விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கப்புறம் வாங்கியதால் அந்த மிச்சம் மினி எல்இடிக்கான கூடுதல் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டியது.

பின்பக்கம்

டிவியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் பின்பக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ஆம்புக்கு ஒலி கொண்டுபோக எச்டிஎம்ஐ ஆர்க் (எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலியை ஆம்புக்கு அனுப்புவது), ஆப்டிக்கல் (ஒலியை வெளிச்சமாக அனுப்பும் கேபிள்) என்று இரண்டு வழி. புது மாடல்கள் சிலவற்றில் ஆப்டிக்கலை எடுத்துவிட்டார்கள். அசெம்பிள் ஆம்ப் வைத்திருப்பவர்கள் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. காரணம் கீழே வருகிறது.

என் டீகோடர் போர்டு டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவங்களை ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும். ஓடிடி ஆப்களில் வருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். இந்த போர்டுக்கு அது புரியாது. டிவியின் ஒலி மெனுவில் 'டால்பி டிஜிட்டல்' என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் டிவியே மாற்றித் தந்துவிடும். கடையிலேயே மெனுவைத் திறந்து அது இருப்பதை உறுதி செய்துகொண்டேன். அங்கே பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று இருந்தால் ஆர்க் வழியாக இரண்டு சேனல்தான் போகும்; 5.1 ஆம்பில் பின் ஸ்பீக்கர் பாடவில்லை என்று புகார் வருவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். ஆர்க் வேலை செய்ய டிவியில் சிஇசி (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும்) வசதியும் இயக்கத்தில் இருக்கவேண்டும்.

எல்லாம் இணைத்து ஆர்க்கில் போட்டதும் 5.1 வந்தது. கூடவே சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஹம். வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்தேன். டிடிஎச் பெட்டியிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றிய நொடியில் ஹம் நின்றது. டிஷ் மொட்டைமாடியில் இரும்புக் கம்பத்தில் நிற்கிறது. அதன் கேபிளின் உறை டிடிஎச் பெட்டி, எச்டிஎம்ஐ, டிவி, மறுபடி எச்டிஎம்ஐ வழியாக ஆம்பின் எர்த்தில் வந்து சேருகிறது. இரண்டு இடத்தில் பூமியைத் தொடுவதால் நடுவில் ஒரு சுற்று உருவாகி, அதில் ஓடும் கரண்ட் ஹம்மாகக் கேட்கிறது. டிஷ் கேபிளில் மின் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போடலாமே என்றால், டிஷ் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பி கருவிக்கு அதே கேபிளில்தான் டிசி மின்சாரம் மேலே போகிறது. டிசியைத் தடுக்கும் ஐசொலேட்டர் போட்டால் சேனலே வராது. ஆப்டிக்கல் கேபிளில் போவது வெளிச்சம்தான், மின் தொடர்பே கிடையாது. ஆர்க்கை எடுத்துவிட்டு ஆப்டிக்கல் போட்டேன். ஹம் போயேபோச்சு. என் போர்டு பிரிக்கும் டால்பி டிஜிட்டல் 5.1 ஆப்டிக்கலிலும் முழுசாக வருகிறது, இழப்பு ஒன்றும் இல்லை. அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறை) ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களுக்கு ஆர்க்கோ அதன் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க்கோதான் வழி.

இன்னொன்று: டிவிகளில் இருக்கும் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். ஓடிடிக்குத் தாராளம், நெட்ஃபிளிக்ஸ் 4கேக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ். வீட்டு சர்வரிலிருந்து பெரிய 4கே கோப்பு ஓட்டுபவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்தினால் திணறல் குறையும்.

மின்சாரப் பக்கம் வருகிறேன். டிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருப்பதால் லோ வோல்டேஜுக்குப் பயப்படத் தேவையில்லை. பயப்படவேண்டியது நியூட்ரல் கட்டுக்கு. த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் வீட்டு பிளக்கில் 230க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடும். ஓவர் வோல்டேஜில் தானே துண்டிக்கும் ஒரு கருவியை அந்த அறையின் லைனில் போட்டுவிட்டேன். மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்ததில் 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தது. இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றவேண்டும். பல டிவிகளின் எச்டிஎம்ஐ போர்ட் போவது அந்த வழியாகத்தான்.

சுவரில்

மாட்ட வந்த தம்பி வழக்கப்படி ஐந்தடி உயரத்தில் கோடு போட்டார். நம் ஊரில் ஷோகேஸுக்கு மேலே டிவி வைத்துப் பழகிவிட்டதால் அந்த உயரம் பழக்கமாகிவிட்டது. இரண்டரை மணி நேரம் கழுத்தை நிமிர்த்திப் படம் பார்க்க முடியாது. விஏ பேனல் கீழிருந்து பார்த்தாலும் வெளுக்கும். எங்கள் சோபாவில் கண் உயரம் 40 இன்ச். திரையின் நடுப்பகுதியை 42 இன்ச்சில் வைக்கச் சொன்னேன். அடிப்பாகம் 26 இன்ச்சில் வருகிறது, அதன் கீழே சென்டர் ஸ்பீக்கர் சரியாக உட்கார்ந்துகொண்டது.

துளை போடும்போது வரும் தூளைப் பார்க்கவேண்டும். முதலில் வரும் சாம்பல் தூள் பூச்சு. அதற்குப் பின் சிவப்புத் தூள் வந்தால் செங்கல், பிடிமானம் இருக்கும். சாம்பலாகவே வந்துகொண்டிருந்தால் துரப்பணம் இரண்டு செங்கலுக்கு நடுவில் கலவையில் போகிறது என்று அர்த்தம். பூச்சும் கலவையும் 25 கிலோவை நம்பித் தொங்கவிடும் இடம் அல்ல. இடது பக்கக் கீழ்த்துளையில் அப்படித்தான் வந்தது. பிராக்கெட்டில் பக்கத்து ஓட்டைக்கு நகர்த்திப் போட்டோம், சிவப்பாக வந்தது. பிராக்கெட்டோடு வந்த சின்ன பிளக்குகளை ஒதுக்கிவிட்டு 10 மி.மீ. ஃபிஷர் பிளக் போட்டு முறுக்கினார். இரண்டு கையாலும் பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்த பிறகுதான் டிவியை மாட்டினோம்.

டிவிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கிறது. அந்தச் சூட்டுக்குப் பல்லி வந்து தங்கும். காற்றோட்டத் துளைகளை மூடக்கூடாது, அதனால் பயன்படாத போர்ட்டுகளுக்கு மட்டும் ரப்பர் மூடி போட்டு, கேபிள் நுழையும் பெரிய ஓட்டையை ஸ்பாஞ்சால் அடைத்தேன்.

அடுத்தது செட்டிங். ராத்திரிக்குப் படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடு, வார்ம் நிறம், லோக்கல் டிம்மிங் உச்சத்தில், மோஷன் ஸ்மூத்திங் (நடுநடுவே செயற்கை ஃப்ரேம் சேர்ப்பது) முழுவதும் நிறுத்தம். ஷார்ப்னஸை, எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும்வரை குறைத்தேன். டிடிஎச் உள்ளீட்டில் படத்தின் ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேன் இயல்பாகவே போட்டிருந்தது. அதை எடுத்ததும் கிரிக்கெட் ஸ்கோர்ப் பட்டை ஓரம்வரை முழுசாக வந்தது. பகலுக்குத் தனியாக ஸ்டாண்டர்ட் மோடில் பிரைட்னஸைக் கூட்டி வைத்திருக்கிறேன், அப்பா ரிமோட்டில் ஒரே பட்டனில் மாற்றிக்கொள்கிறார்.

டிவி மாட்டிய சுவர் சந்தன நிறமாக இருந்தது. ஸ்கோப் படத்தின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பியதால் பளபளப்பில்லாத அடர் சாம்பல் பெயின்ட் அடித்தேன். கறுப்புப் பட்டை இப்போது சுவரோடு சேர்ந்துவிடுகிறது. டிவியின் முதுகில் 6500 கெல்வின் (பகல் வெளிச்ச வெள்ளை) எல்இடி பட்டை ஒன்று, மிகக் குறைந்த வெளிச்சத்தில். கண் சோர்வும் குறைகிறது, சப்டைட்டிலைச் சுற்றித் தெரியும் மிச்ச ஒளிவட்டமும் அதில் அடங்கிவிடுகிறது.

டிவி படத்தைப் பதப்படுத்தும் நேரத்தில் ஒலி முந்திவிடுகிறது. கை தட்டும் ஒரு வீடியோவைப் போட்டு, கை சேரும்போதே சத்தம் கேட்கும்வரை ஆம்பில் தாமதத்தைக் கூட்டி 80 மில்லி செகண்டில் நிறுத்தினேன். மேற்கு ஜன்னலுக்கு இரட்டைத் துணித் திரை தைக்கக் கொடுத்திருக்கிறது. பின் ஸ்பீக்கர் வயர்கள் இன்னும் தரையோரத்தில் டேப்பில்தான் ஒட்டியிருக்கின்றன. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்ததும் அவற்றுக்குப் பிவிசி கேசிங் அடிக்கவேண்டும்.